ரேடியோ சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசுங்க

இராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு வானொலி என்றால் முதலில் கொழும்புதான். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். மதுரை அதைவிடப் பல மடங்கு தூரம். அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், 1950-ல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அந்தப் பாட்டையும் விளம்பரத்தையும் சேர்த்தே கொடுத்தது. இங்கே அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி 1957-ல் வந்தது. அதில் விளம்பரம் ஏற 1967 ஆனது. அதற்குள் எங்கள் கரை முழுக்கக் கொழும்புக்குக் காது கொடுத்துப் பழகிவிட்டது. கொழும்பு அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் எல்லாம் எங்கள் வீடுகளில் உறவுக்காரர்கள் மாதிரிப் பேசப்பட்ட பெயர்கள்.

1996-ல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில், அறிவிப்பாளர் நேரம் சொன்னதும் அரை மணியைக் கழித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் அனிச்சையாகவே நடந்தது. அடுத்த நாட்டு நிலையத்தை அவ்வளவு நெருக்கமாகக் கேட்டோம். ஆனால் நாம் சொல்வதை அது கேட்க வழி ஒன்றுதான்: நேயர் விருப்பத்துக்குக் கடிதம் போடுவது. தொண்டி, கீழக்கரை, பாம்பன் என்று ஊர்ப்பெயர் காற்றில் வந்தால் அன்றைக்குத் தெருவே அதைப் பற்றிப் பேசும்.

காற்றலை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை வந்தது. அந்த அலை தமிழ்நாட்டு நகரங்களுக்கும் வந்தபிறகுதான் நான் ஒரு தனியார் நிலையத்தில் நேயர் அழைப்புகளை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பாட்டு, போட்டி, பரிசுக் கூப்பன். ஒரு அழைப்புக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். அடுத்து விளம்பரம் காத்திருக்கும். தொழிலை அங்கேதான் கற்றுக்கொண்டேன். நேயரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசுங்க". இல்லாவிட்டால் அவர் குரல் அவர் வீட்டு ரேடியோ வழியாக அவருடைய ஃபோனுக்குள்ளேயே திரும்பி நுழைந்து கூச்சல் போடும். பெரிய நிலையங்களில் சில வினாடி தாமதமாக ஒலிபரப்பும் கருவி இருக்கும். தகாத பேச்சு வந்தால் வெட்டிவிடலாம். அது இல்லாத இடத்தில், ஃபோன் எடுப்பவர்தான் அந்தக் கருவி.

ஒரு பகுதி மக்களுக்காக நடக்கும் சமூக வானொலியைத் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்று 2006-ல் விதி தளர்ந்தது. பத்தாண்டு கழித்துப் பாம்பனில் கடல் ஓசை 90.4 என்ற சமூக வானொலி தொடங்கியபோது, காற்றும் கடலும் மீன்பாடும் கரையிலிருந்தே பேசப்படுவதைக் கேட்டோம். நானும் ஊர் திரும்பி அப்படியான ஒரு சிறு நிலையத்தில் சேர்ந்தேன்.

இங்கே வந்த அழைப்புகள் வேறு மாதிரி. "தங்கச்சி, தென்கடல்ல கச்சான் தூக்கிருச்சு, பார்த்துப் போகச் சொல்லு" என்று விடியலுக்கு முன்னால் ஒருவர் கூப்பிடுவார். மேற்குப் பக்கத்துக் கச்சான் காற்று வலுத்துவிட்டது என்று அர்த்தம். வானிலை மையத்தின் அறிவிப்பு மாவட்டத்துக்கே ஒன்று; இவருடைய சொல் இவருடைய படகுத்துறைக்கு மட்டும் உரியது. இரண்டும் வேண்டும். எங்கள் சிறு டிரான்ஸ்மிட்டரின் அலை கடல் மேல் தடையில்லாமல் போவதால், கரைக்கு அருகில் தொழில் பார்க்கும் நாட்டுப்படகுகளுக்கு எங்கள் குரல் எட்டும்.

புரெவியின்போதுதான் இந்த வேலையின் கனம் முழுதாகத் தெரிந்தது. 2020 டிசம்பர் 3 அன்று மன்னார் வளைகுடாவுக்குள் வந்த அந்தப் புயல், வலுவிழந்தும் நகராமல் எங்கள் மாவட்டத்துக்கு அருகிலேயே நின்றுவிட்டது. வந்து போகிற புயலை இந்தக் கரைக்குத் தெரியும். 1964-ல் தனுஷ்கோடியை அழித்ததைப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட கரை இது. நிற்கிற புயல்தான் ஆட்களைக் கலங்கடித்தது. ஃபோன் ஓயவில்லை. தண்ணீர் உள்வாங்குகிறது என்றார் ஒருவர், பாலம் போய்விட்டது என்றார் இன்னொருவர். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "அண்ணே, நீங்க கண்ணால பார்த்ததா, யாரும் சொன்னதா?" பார்த்தது என்றால் எந்த இடம், எத்தனை மணிக்கு என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்து ஒலிபரப்பினோம். கேள்விப்பட்டது என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு, அந்த இடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டோம். நான் செய்த வேலைகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. 2011-ல் வந்த கொள்கை, வானிலை, இயற்கைப் பேரிடர், குடிநீர், மின்சாரம் போன்ற உள்ளூர் அறிவிப்புகளைச் செய்திக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் எங்கள் கரையில் செய்தியையும் வானிலையையும் அப்படி எளிதாகப் பிரிக்க முடியாது. "வீட்டுக்காரர் போன படகு இன்னும் வரலை" என்று ஒரு அக்கா கூப்பிட்டால் அது என்ன கணக்கு? அந்த அழைப்பை நாங்கள் ஒலிபரப்புவதில்லை. அதே படகில் போன மற்றவர்களின் வீட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். பாட்டைப் போட்டுவிட்டு, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் சொல்லி, மீனவர் சங்கத்துக்கும் நாங்களே தகவல் சொல்வோம். அந்த அக்காவை இடையிடையே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். நிகழ்ச்சியில் இதில் ஒரு சொல்கூட வராது. ஆனாலும் இதுவும் வானொலி வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது ஃபோன் குறைந்து வாட்ஸ்அப் குரல்பதிவு பெருகிவிட்டது. வசதிதான், படகில் இருந்தபடியே பேசி, சிக்னல் வரும் இடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் குரல்பதிவிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. புதிதாக வரும் தம்பி தங்கைகள் அதை அப்படியே நிகழ்ச்சியில் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். காற்று, கடல், படகு பற்றிய எந்தக் குரல்பதிவாக இருந்தாலும், அனுப்பியவரைக் கூப்பிட்டுப் பேசிய பிறகே ஒலிபரப்ப வேண்டும் என்று ஸ்டூடியோச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் எடுக்கவில்லை என்றால், எடுக்கும்வரை பாட்டு ஓடட்டும்.