பெயர்ப்பலகையில் பலூ தம்பி

தமிழில் தடித்த எழுத்து வரைவது ஏன் கடினம் என்று கேட்பவர்களிடம், மூன்று சுழி ‘ண’வை எழுதிப் பாருங்கள் என்பேன். ஆங்கிலத்தின் ‘எச்’ வெறும் மூன்று கோடு. எவ்வளவு பருத்தாலும் அது ‘எச்’தான். ‘ண’வில் கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை குறையும். ஓரளவைத் தாண்டினால், சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது ‘ண’வா ‘ன’வா என்றே தெரியாது. ‘ஞ’, ‘இ’ இரண்டுக்கும் இதே பாடுதான்.

பெயர்ப்பலகை வடிவமைக்கும் எனக்கு இது அன்றாடக் கவலை. மெல்லிய எழுத்துருவை எடுத்து, சுற்றிலும் ஸ்ட்ரோக், அதாவது வெளிக்கோடு, கொடுத்துப் பருக்க வைப்பது எங்கள் தொழிலில் வழக்கமான குறுக்குவழி. எழுத்து எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்கும், சுழிகள் அடைத்துக்கொள்ளும், ஒற்றின் புள்ளி எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. தடிமனை வரையும்போதே தீர்மானித்தாக வேண்டும்.

மும்பையின் எழுத்துரு நிறுவனமான ஏக் டைப் உருவாக்கிய ‘பலூ தம்பி’ அப்படித் தீர்மானித்து வரையப்பட்ட எழுத்துரு. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கு விரிந்த பலூ குடும்பத்தில் ஒன்று அது; மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. நல்ல கனம், நெருக்கமான நிற்பு, மழுங்கிய மூலைகள். இத்தனைக்கும் நடுவே சுழிகளுக்குள் வெளிச்சத்தை மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

மழுங்கிய மூலை வெறும் அழகுக்கு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பட்டறைக்கு வந்து பார்க்க வேண்டும். வினைல் ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டினால் கூர்மூலைதான் முதலில் பெயரும். துடைக்கிற துணி அங்கேதான் மாட்டும். அக்ரிலிக் பலகையை ரூட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் வெட்டும்போது சிக்கல் வேறு. அதில் சுழன்று வெட்டும் முனையான பிட் உருண்டையானது என்பதால் உள்மூலையைக் கூராக வெட்டவே முடியாது. 3 மி.மீ. பிட் போட்டால் உள்மூலை குறைந்தது 1.5 மி.மீ. ஆரத்தில் வளைந்துதான் வரும். வெளிமூலை கத்தி போலவும் உள்மூலை வளைந்தும் நிற்கும் எழுத்து என் கண்ணை உறுத்தும். பலூ தம்பியில் இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து போகின்றன.

தமிழ்நாட்டில் கடைப் பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதம் உண்டு. இரண்டு மொழிக்கும் கனம் ஒத்த எழுத்தைத் தேடி அலைவது பெரும் வேலை. பலூ தம்பியில் ஆங்கில எழுத்தும் உள்ளேயே இருக்கிறது. திறந்த உரிமம் என்பதால் வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. இதன் உருட்சியில் ஒரு குதூகலம் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு வைத்தால் இறந்தவருக்கு மரியாதையாக இராது. பழக்கடை, மழலையர் பள்ளி, ஜிகர்தண்டா கடை என்றால் தயங்காமல் போடுங்கள். இரண்டு வரி வந்தால் வரியிடைவெளியை மட்டும் கையால் குறையுங்கள், இயல்பில் அது அதிகம். மேல்வரி ‘து’வின் கீழ்ச்சுற்று, கீழ்வரி ‘கீ’யின் கொக்கியில் இடிக்காத அளவுக்குக் குறைத்தால் போதும்.