உண்டியலும் பத்திரமும்

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒரு கம்யூனிஸ்ட் தோழர் கட்சி நிதிக்காக என் முன்னால் உண்டியலை நீட்டினார். தகர டப்பா, சுற்றிலும் சிவப்புத் துணி, மூடியில் சின்னதாக ஒரு வெட்டு, நோட்டை நாலாக மடித்தால்தான் உள்ளே போகும். இருபது ரூபாயை மடித்துத் திணித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற நண்பன் சிரித்தான். "தேர்தல் பத்திரத்துல பேரு தெரியலைன்னு கோர்ட்டுக்குப் போனாங்களே, இந்த டப்பாவுல போடறவன் பேரு மட்டும் தெரியுதா?"

கிண்டலாகத்தான் கேட்டான், ஆனால் கேள்வி சரியானது. வீட்டுக்கு வரும்வரை பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் பத்திரக் கதை, மறந்துபோனவர்களுக்காக. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் பத்திரம் அது. 2017 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அறிவித்தார், 2018 ஜனவரியில் திட்டம் வந்தது. ஸ்டேட் வங்கியில் மட்டும் கிடைக்கும், ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு கோடி வரை. வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது, பதினைந்து நாளுக்குள் கட்சி தன் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம் அதோடு ஓசைப்படாமல் நடந்த சட்டத் திருத்தங்கள். அதுவரை ஒரு நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம்வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்க முடியும், அந்த வரம்பைத் தூக்கிவிட்டார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போச்சு. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கப் பெரிய பொருளாதாரப் படிப்பெல்லாம் வேண்டாம்.

இந்த இடத்தில் மார்க்சிஸ்ட் கட்சி எடுத்த நிலையை, அவர்களுடைய மற்ற எல்லா நிலைகளோடும் சண்டை போடுகிற நான்கூட, ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். பத்திரம் வேண்டாம் என்று பேசிவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட கட்சிகள் உண்டு. இவர்கள் வாங்கவில்லை, அதற்கென்று ஸ்டேட் வங்கியில் கணக்கே திறக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுதாரர்களில் இவர்களும் ஒருவர், அப்போதைய பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரி பெயரிலும் மனு இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் பத்திரப் பக்கம் போகவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் திட்டத்தை ரத்து செய்தார்கள். யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்ற விவரத்தைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கியை, ஒரே நாளில் கொடு என்று நீதிமன்றம் விரட்டியது. பட்டியல் வெளியே வந்தது. பாஜகவுக்கு 6,000 கோடிக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கும் அதில் இருந்தது: திமுகவுக்கு 656.5 கோடி, அதில் 509 கோடி லாட்டரி மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் ஒரே நிறுவனத்திடமிருந்து. கொடுத்தவர் பெயரைக் கேட்டு வாங்கித் தேர்தல் ஆணையத்திடம் சொன்ன ஒரு சில கட்சிகளில் திமுகவும் ஒன்று, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, நண்பன் கேள்விக்கு வருவோம். உண்டியலில் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது, உண்மைதான். நம் சட்டமும் 20,000 ரூபாய்க்குள் கொடுப்பவர் பெயரைக் கட்சி தெரிவிக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் நான் போட்ட இருபது ரூபாய்க்கு நாளைக்குப் போய் எனக்கு ஒரு சுரங்கக் குத்தகை கொடுங்கள் என்று கேட்க முடியுமா? பெயர் சொன்னால்கூடத் தோழருக்கு என்னை ஞாபகம் இருக்காது. ஒரு கோடி கொடுத்தவரை யார் மறப்பார்கள்? பத்திரத்தில் அந்தப் பெயர் வாக்காளருக்குத்தான் மறைவு, வாங்கிய கட்சிக்குத் தெரியாமலா போகும். தீர்ப்பிலும் கிட்டத்தட்ட இந்த வித்தியாசம்தான் பேசப்பட்டது. தனி மனிதர் கட்சிப் பிடிப்பில் கொடுக்கலாம், நிறுவனம் கொடுப்பது சுத்தமான வியாபாரக் கணக்கு, பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்றுதான் கொடுக்கிறது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதனால்தான் பத்திரம் மட்டும் இல்லை, நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுப்பதே கூடாது என்று மார்க்சிஸ்டுகள் சொல்கிறார்கள். தேர்தல் செலவை அரசே ஏற்கட்டும், அதுவும் காசாக இல்லாமல் பொருளாக, வசதியாக. இது புதுசு இல்லை. 1998இல் இந்திரஜித் குப்தா குழு இதையேதான் சொன்னது.

எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. தடையை நாம் ஏற்கெனவே போட்டுப் பார்த்தோம். 1969இல் இந்திரா காந்தி நிறுவன நன்கொடைக்குத் தடை போட்டார், 1985இல் ராஜீவ் காந்தி எடுத்தார். நடுவில் பதினாறு வருஷம் கட்சிகள் காற்றைக் குடித்தா தேர்தல் நடத்தின? காசோலையாக வந்தது பெட்டியாக வந்தது, அவ்வளவுதான். மாற்று வழி வைக்காமல் கதவைச் சாத்தினால் பணம் கூரையைப் பிரித்துக்கொண்டு வரும். ஒரு மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்கிறது விதி, அவருடைய கட்சி எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. அரசுப் பணமும் கொடுத்து, இந்த ஓட்டையையும் அடைக்காமல் விட்டால் அது கூடுதல் வருமானமாகத்தான் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது, தோழர்களுக்குப் பிடிக்காத பேச்சு. 2019 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு திமுக ஆணையத்திடம் கொடுத்த செலவுக் கணக்கில் கூட்டணிக் கட்சிகளுக்கு அனுப்பிய பணமும் இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி. வங்கி வழியாக வந்து கணக்கில் ஏறிய பணம், சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அது பத்திரப் பணம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்திடம் கை நீட்ட மாட்டேன் என்கிற கட்சி, நிறுவனங்களிடம் வாங்குகிற கட்சியிடம் தேர்தல் செலவுக்கு வாங்கும்போது அந்தக் கொள்கை எங்கே நிற்கிறது? வேறு வழி இல்லை, தோரணம், வண்டி, மேடை எல்லாவற்றுக்கும் உண்டியல் தாங்காது என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லலாமே. உறுப்பினர்கள் மாத வருமானத்தில் ஒரு பங்கைக் கட்சிக்கு லெவியாகக் கட்டுகிறார்கள், எம்.எல்.ஏ. சம்பளம்கூடக் கட்சிக்குப் போகிறது. இப்படி ஒரு பழக்கம் வைத்திருக்கிற கட்சியிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றுகிறது, மற்றவர்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

"உண்டியல் குலுக்கி" என்று நம்ம ஊரில் அவர்களைக் கேலி செய்வது ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம். எனக்கு அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது என்று புரிந்ததே இல்லை. வெயிலில் நின்று, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக் காசு கேட்க வேண்டும், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் விலைவாசியைப் பற்றி நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போடுவார்கள். பத்திரம் வாங்கியவர் யாரும் இப்படி நின்று திட்டு வாங்கியிருக்க மாட்டார்.

அன்றைக்கு அந்தத் தோழரிடமே அந்த 25 கோடியைக் கேட்டேன், அவர் இந்தியக் கம்யூனிஸ்டா மார்க்சிஸ்டா என்றுகூட விசாரிக்காமல். அவர் கோபப்படவில்லை. டப்பாவை ஒரு தடவை குலுக்கி எடை பார்த்தார். "அதெல்லாம் மேல கேக்கணும் தோழர். சாயந்திரம் நான் இதைக் கொட்டி எண்ணிக் கணக்குச் சொல்லணும்" என்றார். அப்புறம் என் நண்பன் பக்கம் டப்பாவை நீட்டினார். அவனும் பத்து ரூபாய் போட்டான்.