தீபாவளி பார்சலும் ஐப்பசி மழையும்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்னையில் பார்சல் கொண்டு வரும் தம்பிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தள்ளுபடி விற்பனையும் வடகிழக்குப் பருவமழையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும், முதுகில் பெரிய பை, பெட்ரோல் பெரும்பாலும் அவர்கள் காசு, பல இடங்களில் கொண்டு போய்ச் சேர்த்த பார்சலுக்குத்தான் கூலி, நாம் போனை எடுக்காமல் விட்டாலோ ஓடிபி சொல்லாமல் இழுத்தாலோ அந்த நடையே வீண். இதில் டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று போர்டு மாட்டும் அபார்ட்மெண்ட்காரர்களை என்னவென்று சொல்ல!

கேஷ் ஆன் டெலிவரி இன்னும் கொடுமை. 780 ரூபாய்க்கு இரண்டு ஐந்நூறு நோட்டை நீட்டிவிட்டு மீதி எங்கே என்கிறோம். ராத்திரி கணக்கு ஒப்படைக்கும்போது குறைந்தால் அவர் கையைத்தான் கடிக்கும்.

தமிழக அரசு 2023-இல் இவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தது, 2025-இல் அண்ணா நகரில் மாநகராட்சி ஏசி ஓய்வறையும் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இருட்டுவதற்குள் பையைக் காலி செய்ய வேண்டியவர் அங்கே எப்போது போய் உட்காருவார்? பார்சலுக்கான கூலியை ஏற்றினால் அதைவிட உதவும்.

சரி, நம் பக்கம்: லொக்கேஷனைச் சரியாகப் போடுங்கள், சில்லறை எடுத்து வையுங்கள், இல்லையென்றால் யூபிஐ. அப்புறம், மூன்றாம் மாடிக்காரர்கள் மழை நாளில் கொஞ்சம் கீழே இறங்கித்தான் வாங்குங்களேன்.