நான்கு நிமிடப் படம் ஒன்று

நேற்று இரவு நான்கு நிமிடக் குறும்படம் ஒன்று பார்த்தேன். மருத்துவமனை வராந்தா. அண்ணன், தம்பி, நடுவில் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். அவ்வளவுதான் கதை.

முதல் இரண்டு நிமிடம் அசத்தல். யாருக்கும் பெயர் இல்லை, முன்கதை இல்லை. அண்ணன் பேனாவை எடுக்கிறான், மூடுகிறான், தம்பி பக்கம் நகர்த்துகிறான். தம்பி அதைத் தொடவே இல்லை. இவர்களுக்குள் பேச்சு நின்று ரொம்ப நாளாகிவிட்டது என்று அந்த ஒரு பேனாவே சொல்லிவிடுகிறது. இவ்வளவு சின்னப் படத்துக்கு ஒரு இடம், ஒரு பொருள், ஒரு முடிவு போதும். 1895-இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாதவை. அதற்குள்ளேயே மனிதர்களை நம்மால் பார்க்க முடிகிறது.

அப்புறம்தான் சறுக்கல். "பத்து வருஷமா நீ வீட்டுப் பக்கமே வரலையே" என்று அண்ணன் பேச ஆரம்பிக்கிறான். நமக்கு ஏற்கெனவே புரிந்ததை வசனம் திரும்பச் சொல்கிறது. கூடவே வயலின் வேறு. கடைசி முப்பது நொடியில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பத்து வருடக் கோபம் அரை நிமிடத்தில் கரையுமா? அந்த சமாதானத்தை என்னால் நம்ப முடியவில்லை.

தம்பி பேனாவைக் கையில் எடுக்கும் இடத்தில் படத்தை முடித்திருந்தால், அந்த வராந்தாவை விட்டு நான் இன்னும் வெளியே வந்திருக்க மாட்டேன்.

தம்பியாக நடித்தவரின் கண்களுக்காகவே மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.