சி-தேர்வில் புக்ஸ்டெஹூட வாசிக்கப் போகிறவர்களுக்கு

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். அதுவும் ஆர்கன் வாசிப்பில் நான் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். ஜெர்மனியில் பகுதிநேர தேவாலய இசைஞர்களுக்கான சி-தேர்வுக்குத் தயாராகும் நம்மவர்கள் சிலர் கேட்டதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாடகர் குழுவை நடத்துவது, செவிப்பயிற்சி பற்றியெல்லாம் மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது 17ஆம் நூற்றாண்டு வடஜெர்மன் ஆர்கன் இசையமைப்பாளர் புக்ஸ்டெஹூட பற்றி மட்டும்தான்.

பாஹ் எடுப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் சொன்னார்கள். நான் புக்ஸ்டெஹூடவின் இரண்டு படைப்புகளை எடுத்தேன்: அவருடைய படைப்புப் பட்டியலில் எண் 137, சி மேஜர் பிரெலூடியம்; எண் 208, 'நூன் பிட்டன் வியர் டென் ஹைலிகென் கைஸ்ட்' ('இப்போது தூய ஆவியை வேண்டுகிறோம்') என்ற தேவாலயப் பாடலின் மெட்டில் அமைந்த கோரல் முன்னிசை. இரண்டையும் எனக்குப் பிடிபட வைத்தது ஒரே பழக்கம்: வாய்விட்டுப் பாடுவது.

ஆர்கனில் விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். விரலை எடுக்கும்வரை அது ஓயாது. அதனால் ஒரு ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய ஸ்வரத்தை எப்போது விடுகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதை எங்கே விடுவது என்று நோட்டில் பெரும்பாலும் இருக்காது. பாடினால் மூச்சு சொல்லிவிடும்.

208இல் மெட்டு மேல்குரலில் தனி மேனுவலில் (கை விசைப்பலகையில்) வருகிறது, அலங்காரங்களோடு. அலங்காரத்தை முதலில் தொடாதீர்கள். லூதரின் பாடலை வார்த்தைகளோடு மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம் இடக்கையும் பெடலும் (கால் விசைப்பலகை) வாசிக்க, வெறும் மெட்டை நீங்களே பாடுங்கள். முதல் வரி முடிந்து எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ, அங்கேதான் வலக்கையும் விசையை விட வேண்டும். இது உடம்பில் ஏறிய பிறகு அலங்காரங்களை வரி வரியாகச் சேருங்கள். நான் அப்படிச் சேர்த்தபோது, அதுவரை விரல் பயிற்சி போலிருந்த சின்ன ஸ்வரங்கள் 'ஹைலிகென்' (தூய) என்ற சொல்லை நீட்டிப் பாடுவது போலக் கேட்டன.

இதில் இன்னொரு லாபம். அதே பாடல் ஜெர்மன் எவாங்கலிக்கல் பாடல் புத்தகத்தில் 124ஆம் எண். வழிபாட்டு வாசிப்புப் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். சபை பாடுமுன் வாசிக்கும் முன்னறிமுகத்துக்கு என்ன வாசிப்பது என்று தவிக்க வேண்டியதில்லை. முதல் வரியை எடுத்து, புக்ஸ்டெஹூட செய்ததை எளிமையாகச் செய்தால் போதும்.

137 பெடல் தனியாகத் தொடங்குவது. அந்தத் தொடக்கத்தில் வரும் இடைவெளிகளை எண்ணிக்கொண்டு வாசித்தால் உயிரே இருக்காது. பெரிய தேவாலயத்தில் எதிரொலி அந்த இடைவெளியை நிரப்பிவிடும். அது தெளியும்வரை பொறுத்து அடுத்த அடியை வையுங்கள். இதற்குத் தேர்வு நடக்கும் இடத்திலேயே பயிற்சி வேண்டும். யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழே நடுவில் நின்று கேளுங்கள். மேலே ஆர்கன் பெஞ்சில் கேட்பது வேறு, அங்கே கேட்பது வேறு. கடைசியில் வரும் சக்கோன் என்ற பகுதியில் அடிக்குரல் திரும்பத் திரும்ப வருவதால் கால் தானாக ஓடும். அங்கேயும் பெடலைப் பாடிக்கொண்டே பழகுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- பெடலில் குதிகால் வேண்டாம், கால் நுனி மட்டும். இடைவெளி தானாக வரும்.
- பிரெலூடியத்துக்குப் பிளீனம்தான் (முக்கியக் குழல் வரிசைகள் சேர்ந்த நிறைந்த ஒலி). ஆனால் பயிற்சியில் கெடாக்ட் 8 என்ற மென்மையான குழல் வரிசை ஒன்றை மட்டும் இழுத்து வாசியுங்கள். பிளீனம் மறைக்கும் குழப்பமெல்லாம் அதில் தெரியும்.
- 208இன் மெட்டுக்கு செஸ்குவியால்டெரா என்ற கூர்மையான ஒலியுள்ள குழல் வரிசை கிடைத்தால் விடாதீர்கள்.
- ஸ்டாப் (குழல் வரிசையைத் திறக்கும் பிடி) இழுக்க வரும் நண்பர் நோட்டு படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.
- 1705இல் பாஹ் புக்ஸ்டெஹூடவைக் கேட்க ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு நடந்து போன கதையை வாய்மொழித் தேர்வில் நீட்டாதீர்கள். அது தேர்வாளர்களுக்குத் தெரியும்.

வாய்மொழியில் என்னிடம் கேட்டது இதுதான்: இந்த ஸ்வரத்தை ஏன் பெடலில் வாசித்தாய்? நல்ல கேள்வி. புக்ஸ்டெஹூட கைப்பட எழுதிய ஆர்கன் படைப்பு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பதெல்லாம் பிறர் எடுத்த பிரதிகள். வடஜெர்மானியர்கள் எழுத்துகளால் குறிக்கும் டேபுலேச்சரில் எழுதினார்கள். அதை இன்றைய ஐந்து கோட்டு நோட்டுக்கு மாற்றும்போது எது பெடல், எது இடக்கை என்பது பல இடங்களில் பதிப்பாசிரியரின் முடிவு. அதனால் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு, உங்கள் தேர்வுக்கு ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒருமுறை லூபெக் போய்வாருங்கள். புக்ஸ்டெஹூட 1668இலிருந்து 1707இல் இறக்கும்வரை வாசித்த மரியன் தேவாலயத்தின் பழைய ஆர்கன்கள் 1942 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. அந்தக் காலத்து ஒலி வேண்டுமானால் பக்கத்திலுள்ள யாக்கோபி தேவாலயத்தில் ஸ்டெல்வாகன் 1637இல் விரிவாக்கிய ஆர்கனைக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் மெய்யெழுத்தோடு தொடங்குவது போலிருக்கும். பாடச் சொல்லி நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது அதைக் கேட்டால் விளங்கும்.

தேர்வன்று பெஞ்சில் உட்கார்ந்ததும் தொடங்கிவிடாதீர்கள். பெடலின் முதல் அடியை மனதுக்குள் ஒருமுறை பாடிவிட்டுக் காலை வையுங்கள். தேர்வாளர்கள் காத்திருப்பார்கள்.