மூன்றாம் ட்ரம்பெற்

எங்கள் பாடசாலையில் பாண்ட் வாத்தியம் பழக்கிய ‘பாண்ட் சேர்’ மறைந்த செய்தி வந்த கையோடு பழைய மாணவர் மலர்க்குழுவினர் அவரைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். சேரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அமெரிக்க இசையமைப்பாளர் லெரோய் அண்டர்சனைப் பற்றி எழுதாமல் எழும்ப முடியாது. அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே மூன்று படங்கள் இருந்தன: முருகன், மாமனார், லெரோய் அண்டர்சன். சஞ்சிகையொன்றில் கத்தரித்த அந்த மூன்றாவது படம் பழுத்துப் போயும் இடம் மாறவில்லை. 2025 மே 18 உடன் அண்டர்சன் மறைந்தும் 50 ஆண்டு ஆகிவிட்டது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் மலரைப் புரட்டுவார்கள் என்பதால் சில விவரங்கள். அண்டர்சன் 1908 இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். பெற்றோர் சுவீடனிலிருந்து குடியேறியவர்கள். தகப்பன் தபால் கந்தோரில் கிளாக்கர், தாய் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். தபால் கந்தோர் என்ற இடத்தில் சேர் நிறுத்தி எங்களை ஒருமுறை பார்ப்பார். அரைவாசிப் பேரின் தகப்பன்மார் அந்த இனம்தான். ஹாவார்டில் வோல்ற்றர் பிஸ்ரனிடமும் ஜோர்ஜ் எனெஸ்குவிடமும் படித்து 1930 இல் இசையில் முதுமாணிப் பட்டம் எடுத்தவர், அதன் பிறகு ஸ்கன்டிநேவிய மொழிகளின் பக்கம் திரும்பினார். ஒன்பது மொழி தெரியும். போர்க்காலத்தில் இராணுவம் அவரை ஐஸ்லாந்துக்கு அனுப்ப, அங்கே ஐஸ்லாந்து மொழிக்கு ஓர் இலக்கண நூலே எழுதினார். இப்படிப்பட்ட மனிதன் வாழ்நாள் முழுக்க எழுதியது பெரும்பாலும் மூன்று நிமிட உருப்படிகள். பொஸ்ரன் பொப்ஸ் இசைக்குழுவை நடத்திய ஆர்தர் ஃபீட்லர் 1930களில் அவரைக் கண்டுபிடித்தார். 1952 இல் ‘புளூ ராங்கோ’, பாட்டே இல்லாத வெறும் வாத்திய இசை, அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் முதலிடத்துக்குப் போனது.

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இந்த இசைக்கு மதிப்பிருக்கவில்லை. கர்நாடக சங்கீத ஆசிரியருக்கு அது சினிமாவுக்குப் பக்கத்து வீடு. ஆங்கில ஆசிரியருக்கு மொசார்ட் அல்லாத எதுவும் சேர்க்கஸ் வாத்தியம். சேர் வாதாடப் போனதில்லை. எங்களிடம் மட்டும் சொல்வார்: “பெரிய சிம்பொனியில பிழை விட்டா ஒளிக்கிறதுக்கு நாப்பது நிமிசம் இருக்குதடாப்பா. இதில மூண்டு நிமிசம். எங்க ஒளிப்பாய்?”

தட்டச்சு மெஷினையே வாத்தியமாக வாசிக்கும் ‘த ரைப்ரைட்டர்’ 1950 இல் எழுதப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் இருப்பவர்களுக்கு அது பிபிசி ரேடியோ 4 இன் ‘நியூஸ் குவிஸ்’ நிகழ்ச்சியின் தொடக்க இசை. லண்டனுக்கு வந்து அதை முதன்முதலில் வயலின்களோடு கேட்ட எங்களில் பலருக்கு ஏதோ குறைவதாகப் பட்டிருக்கும். குறைந்திருந்தது மூச்சு. வயலின்காரன் மூச்செடுக்கத் தேவையில்லை. எங்கள் பாண்டில் வயலின் கிடையாது, அந்த ஓட்டத்தை முழுக்கக் கிளாரினெற்காரர்கள் சுமந்தார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் ஓட்டை விழும் என்பதற்காக ஒவ்வொருவரின் தாளிலும் வெவ்வேறு இடத்தில் சேர் சிவப்புப் பென்சிலால் காற்புள்ளி போட்டு வைத்திருந்தார்.

ரைப்ரைட்டர் விவகாரம் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அது கந்தோரிலிருந்து தூக்கி வந்து தட்டிவிட்டுப் போகிற வேலையல்ல. முதலில், யார் வாசிப்பது? வர்த்தகப் பிரிவில் தட்டச்சுச் சான்றிதழோடு இருந்த அண்ணனைத்தான் எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் வரியிலேயே விரல்கள் பின்தங்கின. தட்டச்சுக்காரருக்கு வேகம் விரலில் இருக்கிறது, இந்த உருப்படிக்கு வேண்டியது மணிக்கட்டு. அண்டர்சனும் இதையே சொல்லியிருக்கிறார்: அமெரிக்காவிலும் அதை வாசித்தவர்கள் தட்டச்சாளர்கள் அல்லர், மேளகாரர்கள்தான். சேர் சைட் ட்ரம் அடித்த பையனை உட்கார வைத்தார். எந்த எழுத்து எங்கே என்று அவனுக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. வேலை செய்வது இரண்டே கீதான். இடக்கைக்கு ‘எஸ்’, வலக்கைக்கு ‘எல்’. பக்கத்துப் பக்கத்துக் கீக்களை எடுத்தால் எழுத்துக் கரங்கள் ஏறத்தாழ ஒரே பாதையில் எழும்பி, ஒன்று இறங்கமுதல் மற்றது ஏறிச் சிக்கிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்து வந்தால் ஒன்றுக்கொன்று வழிவிடும். மற்றக் கீக்களுக்குக் கீழே மட்டையை மடித்துச் செருகிவிடுவார், விரல் தவறினாலும் அவை இறங்கா.

அந்தப் பரிசளிப்பு விழா எல்லாருக்கும் நினைவிருக்கும். உருப்படி பாதியில் நிற்க, பிரதம விருந்தினர் கைதட்டலாமா என்று அதிபரைப் பார்க்க, சேர் திரும்பிப் பாராமலே கைக்கோலால் மியூசிக் ஸ்டாண்டின் இரும்பில் தட்டித் தட்டி மிச்சத்தை முடித்தார். நடந்தது இதுதான்: ஒவ்வொரு தட்டுக்கும் கரேஜ், அதாவது தாளைத் தாங்கும் மேல்பகுதி, ஓர் எழுத்து இடம் நகர்கிறது. சாதாரண மெஷினில் அங்குலத்துக்கு 10 எழுத்து, அதாவது ஒரு தாளின் அகலத்துக்கு எண்பது சொச்சம். அண்டர்சனின் வேகத்தில் அது சில விநாடி. விளிம்புக்கு வந்ததும் மெஷின் தன் வழக்கப்படி கீக்களைப் பூட்டிவிட்டது. கடுதாசி எழுதுகிறவருக்கு அது உதவி, எங்களுக்கு வெட்கக்கேடு. அடுத்த பயிற்சிக்குள் சேர் கரேஜை இழுக்கும் பட்டியைக் கொளுக்கியிலிருந்து கழற்றிவிட்டார். பட்டி இல்லாவிட்டால் கரேஜ் அசையாது, எத்தனை தட்டினாலும் விளிம்பு வராது. கழற்றும்போது பட்டியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் ஒரேயடியாக அவிழ்ந்து பட்டியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மை நாடாவையும் எடுத்துவிட வேண்டும், அது ஓசையைக் குடிக்கும். ஒரே இடத்தில் விழும் அடியில் உருளை குழிவிழாமல் இருக்கத் தடித்த தாள் மூன்று சுற்றி வைப்பார். மெஷினுக்குக் கீழே துணி விரிக்கக் கூடாது. வெறும் பலகை மேசை என்றால்தான் ஓசை மண்டபத்தின் கடைசி வாங்கு வரை போகும்.

கரேஜ் அசையாவிட்டால் மணியும் அடிக்காது, திரும்ப இழுக்கும் ஓசையும் வராது. அதனால் நட்டமில்லை. மெஷினின் சொந்த மணி முன்வரிசையைத் தாண்டிக் கேட்காது. வெளிநாட்டுக் குழுக்களும் மேசை மணியொன்றைத்தான் பக்கத்தில் வைக்கின்றன. இழுப்புக்குப் பல்வெட்டிய காய்ந்த சுரைக்குடுவையைக் குச்சியால் உரசுவார்கள். சேர் அதை மூங்கிலில் செய்தார். நெருக்கமாக வெட்டினால் ஓசை கீச்சென்று போகும் என்று கொஞ்சம் இடம்விட்டு வெட்டி, இரண்டு முனையையும் திறந்தபடி விட்டார். மணிக்காரன் சிரிக்கக் கூடாது, தட்டுகிறவன் தலையை ஆட்டக் கூடாது. “கணக்குப்பிள்ளை மாதிரி இரு. சிரிக்கிறது ஆக்களின்ரை வேலை.” அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய இசைக்குழுக்கள் தொப்பி போட்டு, கண்ணாடி போட்டு, கோமாளித்தனம் செய்து இதை வாசிக்கப் பார்த்தாயிற்று. சேரின் கட்சிதான் சரி.

மார்கழிக் கரோல் ஆராதனைக்கு ‘ஸ்லே ரைட்’. பனியையே காணாத ஊரில் பனிவண்டிப் பாட்டு என்று கேலி செய்தவர்களுக்குச் சேர் ஒரு தகவல் வைத்திருந்தார்: அண்டர்சன் அதைத் தொடங்கியது 1946 ஜூலையில், கனெற்றிக்கட் மாநிலத்தின் வூட்பரியில், கொளுத்தும் வெயிலில். முடித்தது 1948 இல். அதில் கிறிஸ்து பிறப்புப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று போதகர் குறைப்பட்டதும் உண்மை. 1950 இல் மிச்சல் பாரிஷ் எழுதிச் சேர்த்த வரிகளிலும் கிறிஸ்மஸ் கிடையாது. நாங்கள் வரிகளைப் பாடவில்லை என்பது சேரின் பதில்.

பனிவண்டி மணிக்கு நடன ஆசிரியையின் பழைய சலங்கை. முழுத் தோலையும் எடுத்தால் மணிகள் ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிடும். ஒரு வரிசையை மட்டும் வெட்டி ஒரு சாண் தடியில் சுற்றிக் கட்டினார். பலர் பிழைவிடுவது பிடிக்கும் விதத்தில். கிலுக்கக் கூடாது. தடியை மணி கீழே தொங்க நிமிர்த்திப் பிடித்து, பிடித்த கையின் முட்டியை மற்றக் கையால் தட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். குதிரைக் குளம்புக்குச் சிரட்டை, சவுக்குக்குப் பிணைச்சல் போட்ட இரண்டு பலகை. அதில் விரல் நசுங்காத மாணவத் தலைமுறை இல்லை. முடிவில் குதிரை கனைப்பது ட்ரம்பெற். வால்வை அரைவாசிக்கு அமுக்கி, விரலை நடுக்கிக்கொண்டே உதட்டைத் தளர்த்திச் சுரத்தைக் கீழே வழுக்கவிட வேண்டும். வால்வை முழுதாக அமுக்கினால் குதிரை வராது, சுரம்தான் வரும்.

‘த சின்கொப்பேற்றட் க்ளொக்’ பற்றி அதிகமில்லை. மணிக்கூடு ஒழுங்காக ஓடி ஓடி இடையில் ஒருமுறை சறுக்கும். சறுக்கும் இடத்தை அழுத்திக் காட்டினால் நகைச்சுவை செத்துவிடும், அவ்வளவுதான்.

சேர் உயிரைக் கொடுத்தது ‘பியூக்லர்ஸ் ஹொலிடே’க்கு. 1954 உருப்படி. மூன்று ட்ரம்பெற்றுகளும் தோளோடு தோள் நின்று நெருங்கிய சுரங்களில் ஒன்றாக ஓட வேண்டும். அந்த வேகத்துக்கு ஒற்றை நாக்குப் போதாது: ‘து-கு, து-கு’ என்று நாக்கின் நுனியாலும் அடியாலும் மாறி மாறிக் காற்றை வெட்ட வேண்டும். ‘கு’ எப்போதும் ‘து’வை விடச் சோர்ந்து விழும், ஓட்டம் நொண்டும். சேரின் மருந்து: ஒரு கிழமைக்கு முழு உருப்படியையும் ‘கு கு கு கு’ என்று மட்டும் வாசிப்பது. ஹொஸ்ரல் பக்கத்து வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் பொறுத்த பொறுமைக்கு இப்போதாவது நன்றி சொல்லலாம். இன்னொன்று, மூன்றாம் ட்ரம்பெற் என்றால் மட்டமானவனுக்குக் கொடுக்கும் இடமென்ற நினைப்பு. மூவரும் ஒரே பலத்தில் ஊதாவிட்டால் மேலே மெட்டு மட்டும் கேட்கும், உள்ளே கோது. அதனால் சேர் தவணைக்குத் தவணை இடத்தை மாற்றினார். முதலாமவன் என்று ஒருவனும் நிரந்தரமாக இருக்கவில்லை. பங்குனி வெயிலில் சுருதி ஏறும் என்பதற்காக மண்டபத்துக்குள் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகுதான் சுருதி சேர்க்க விடுவார். வெப்பம் கூடக் கூடப் பித்தளை வாத்தியத்தின் சுருதியும் ஏறிவிடும்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு நடந்தது இந்த மலரை வாசிக்கும் எல்லாருடைய கதையும். பாண்டில் அதன் அளவு தாளில் தெரிந்தது. நாட்டை விட்டு முதலில் போனவன் மூன்றாம் ட்ரம்பெற். சேர் அந்தப் பகுதியைக் கிளாரினெற்றுக்குக் கொடுத்தார். இரண்டுக்கும் ஒரே பி-ஃப்ளாற் சுருதி என்பதால் தாளை மாற்றி எழுதத் தேவையில்லை. ஆனால் ட்ரம்பெற்றின் பலத்துக்கு ஒரு கிளாரினெற் ஈடாகாது, இரண்டு பேரை வைத்தார். அந்த இருவரில் ஒருவன் அடுத்த ஆண்டு ஜேர்மனிக்குப் போனான். இரண்டாம் ட்ரம்பெற் கனடாவுக்குப் போனபோது மிச்சமிருந்தது அல்ற்றோ சாக்ஸபோன். அது ஈ-ஃப்ளாற் சுருதி, ட்ரம்பெற் தாளை ஐந்தாம் சுரத்துக்கு உயர்த்தி எழுத வேண்டும். ஒவ்வொரு சுரமாக, மண்ணெண்ணெய் விளக்கில், கொப்பித் தாளில் கையால் கோடு கீறி எழுதினார். மின்சாரம் அப்போது இல்லை. மேல் மூலையில் புதியவனின் பெயரை எழுதுவார், பழையவனின் பெயரை வெட்டுவதில்லை. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. கடைசியில் கண்ட பிரதியில் ஒரு ட்ரம்பெற், ஒரு கிளாரினெற், ஒரு சாக்ஸபோன். அதுவும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஆள் குறையக் குறைய இசை நிற்காதபடி எழுதத் தெரிந்த ஒருவரை விட்டுவிட்டுத்தான், வரிசையாக, ஒவ்வொருவராக நாங்கள் கிளம்பி வந்தோம். அவர் எங்களில் ஒருவரையும் போகாதே என்று சொல்லவில்லை. தாளை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கினார்.

சேர் வயலின்கள் உள்ள முழு இசைக்குழுவொன்றை நேரில் கேட்டதில்லை. அண்டர்சன் தன்னுடைய ஒரேயொரு பியானோ கொன்செர்ற்றோவை 1953 இல் அரங்கேற்றிய பின் திருப்தியில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார், அவர் மறைந்த பிறகுதான் குடும்பத்தினர் அதை வெளியிட்டார்கள். அந்த ஒலிப்பதிவைச் சேருக்கு அனுப்பியவர் எங்களில் யாரோ ஒருவர். பதிலில் ஒரே வரி வந்ததாம்: “நல்லாத்தான் இருக்கு, ஏன் எடுத்தவர்?”

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சேரின் நினைவாகப் பாடசாலைக்கு மூன்று ட்ரம்பெற் அனுப்பத் தீர்மானித்தோம். பொறுப்பெடுத்தவர்களுக்கு: மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும், ஒன்று உயர்ந்ததாகவும் இரண்டு மலிவாகவும் வேண்டாம். மவுத்பீஸ் 7சி அளவு போதும், பெடியளின் உதட்டுக்கு அதுதான் இலகு. அசல் பாண்ட் தாள்களை விலை கொடுத்து வாங்கி அனுப்புங்கள், நகலெடுத்தல்ல. வால்வ் எண்ணெய் ஒரு டசின் போத்தல் கட்டாயம் வையுங்கள். அங்கே அது முடிந்ததும் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார்கள், வால்வ் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். து-கு சொல்லிக் கொடுக்க ஓய்வு பெற்றவர்கள் யாராவது ஒரு தவணைக்குப் போய் நிற்க முடியுமென்றால், செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடவும்.