தாய்மாமன் சீரும் துபாய்ப் பெட்டியும்

எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெளிநாட்டுப் பணம் என்றாலே வளைகுடாவிலிருந்து வருவதைத்தான் பேசுவார்கள். இங்கிருந்து போவதை யாரும் பேசுவதில்லை, ஆனால் சீர், படிப்பு, வேலை தேடும் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு என்று அதுவும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தங்கச்சி மகளுக்குச் சிங்கப்பூரிலேயே காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் சீர் செய்யாமல் இருக்க முடியுமா? 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயை, செல்போன் எண்ணுக்கே பணம் அனுப்பும் அந்த ஊர் வசதியான பேநௌவோடு இணைத்துவிட்டார்கள், அதனால் தங்கச்சியின் செல்போன் எண்ணுக்கே பணம் அனுப்பிவிட்டேன். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரைதான், எல்லா வங்கிச் செயலியிலும் இந்த வசதி இருக்காது. பெரிய தொகை என்றால் வங்கியில் பான் எண்ணும், எதற்காக அனுப்புகிறோம் என்று எழுதிக்கொடுக்கும் ஏ2 படிவமும் கேட்பார்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம், ஆனால் அன்பளிப்பாக அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் (2025 ஏப்ரலுக்கு முன் 7 லட்சம்) தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, வாங்குவார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

குழல்பணத்தில், அதாவது ஹவாலாவில், ரேட் நல்லது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம், போய்ச் சேராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பணத்தைவிட எனக்குப் பயம் பெட்டியில்தான். கோவையிலிருந்து ஷார்ஜா போகிற பையன் ஒருவன் கிடைத்தால் போதும், தெருவே ஆளுக்கொரு பொட்டலத்தோடு அவன் வீட்டு வாசலில் நிற்கும். எங்கள் பெரியம்மாவும் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு கிலோ குருமாப் பொடி கட்டி வைத்திருந்தார், அதில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் கசகசா என்றார். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் வழக்காகவே பார்ப்பார்கள், சிறைக்குப் போனவர்கள் உண்டு. "ஊட்டுல அரைச்ச பொடிதான கண்ணு, இதுல என்ன இருக்குது?" என்றார். பொட்டலத்தைக் கட்டியது பெரியம்மா, மாட்டுவது அதைத் தூக்கிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது! இதைச் சொன்ன பிறகுதான் பொட்டலம் பிரிந்தது. வெற்றிலையும் அங்கே ஆகாது.

தென்னந்தோப்பு ஊர் என்பதால் கொப்பரையும் கொடுத்தனுப்பப் பார்ப்பார்கள். எண்ணெய் அதிகம் இருப்பதால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று 2022 முதல் செக்-இன் பெட்டியில் அதற்கும் தடை.

துணிமணிக்குத் தபாலே போதும். பட்டுப்பாவாடையைச் சிங்கப்பூருக்கு அப்படித்தான் அனுப்பினேன், சுங்கப் படிவத்தில் பொருளும் மதிப்பும் ஒழுங்காக எழுதினால் சரி.

அப்புறம், அண்ணனுக்கு என்னதான் வேண்டும் என்று அவரிடமே கேட்டோம். மசாலாவெல்லாம் அங்கேயே கிடைக்கிறதாம், சுண்டைக்காய் வற்றல் மட்டும் கால் கிலோ போதும் என்றார்.